மோட்டார் ஓடாத நாளில் போட்ட முந்திரி மிட்டாய்

வெல்லம் தீய்ந்த வாடை காலையிலிருந்து வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. காரணத்தைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நேற்று மின்வாரியத்து ஆட்கள் வந்து நம் தெருக்கோடி டிரான்ஸ்பார்மரை இறக்கிவிட்டுப் புதிதாகப் பெரியது ஒன்றை ஏற்றினார்கள். கரண்ட் இப்போது கெட்டியாக வருகிறது. அது தெரிந்தும் இன்று பழைய கைப்பழக்கத்தில், நீ விட்டுப்போன மைக்ரோவேவ் ஓவனின் பொத்தான்களை அழுத்திவிட்டு, வாசலில் பால்காரரோடு நாலு வார்த்தை பேசப் போனேன். திரும்பி வந்தால் பாகு கரியாகிக் கிடக்கிறது.

ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். கிண்ணத்தை ஊறப்போட்டேன். இன்னொரு ஈடு போட்டு, அது ஆறுவதற்குள் உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இந்த வாடையை மூக்கில் வைத்துக்கொண்டு வேறு யாரிடம் பேசுவது? என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "கவனமா இருக்கக் கூடாதா" என்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

நம் இரண்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. உன் வீடு லெப்பைக்குடிக்காட்டுத் தெருவின் கடைசி வீடு, என் வீடு அதற்குப் பின்னால் காட்டைப் பார்த்தது. உன் வீட்டில் சவூதிப் பணத்தில் போட்ட டைல்ஸ் தரை. என் வீட்டில் சிமெண்டுத் தரை, வெடிப்போடு. நான் செந்துறைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் நீ என்னை முந்திரிக்காட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவாய். நான் உன்னை ஓவன்காரி என்பேன். பிரியாணி சூடு பண்ண உன் வீட்டுக்காரர் அனுப்பிவைத்த அந்த ஓவனை நீ பூப்போட்ட துணியால் மூடி, மேலே பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தாய். "அது என்னத்துக்கு? நம்ம அடுப்புல சூடு பண்ணுனா ஆவாதா" என்பாய்.

ஒரு வருஷம் நான் மொபெட்டிலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டேன். பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை. சின்ன வெங்காயக் காட்டில் களையெடுக்கப் போனால் பாதி வரப்பு தாண்டுவதற்குள் விரல்கள் மரத்துவிடும். பருத்தி எடுக்கவும் முடியவில்லை. மேஸ்திரியம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிடாமலே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

என் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போய்விடலாம் என்று ஆரம்பித்தார். அவருடைய பங்காளி ஒருவர் அங்கே பனியன் கம்பெனியில் இருந்தார். ரூம்கூடப் பார்த்தாகிவிட்டது. "பிசிறு வெட்ற வேலைக்கு பலம் வேணாம், உக்காந்துக்கிட்டே செய்யலாம். இங்க ஒரு ஆளு சம்பாத்தியத்துல என்னா பண்றது" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஆனால் எனக்குப் போக விருப்பமில்லை. ரெண்டு பெண்ணும் இந்தப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட, ஒரே ஒரு ரூமில், யாரையும் தெரியாத ஊரில், நாள் பூராவும் நூல் பிசிறு வெட்டிக்கொண்டு இருக்க நான் ஆளில்லை. அங்கே போனால் நான் ஊமையாகிவிடுவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இதை உன்னிடம் சொன்னபோது நீ கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாய். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மறுநாள் என் தம்பி அரியலூர்ச் சந்தைக்கு வந்தவன் அப்படியே இங்கும் வந்து, வழக்கம்போல ஒரு பை முந்திரி உடைசலைக் கொடுத்துவிட்டுப் போனான். முழுப் பருப்பு வியாபாரிக்குப் போய்விடும், உடைந்தது எங்களுக்கு. பாதியை உனக்குக் கொண்டுவந்தேன். நீ அந்தப் பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல மிட்டாய் போட்டு விக்கலாம்ல" என்றாய்.

"பாகு கிண்டணும். எனக்குக் கை எங்க இருக்கு" என்றேன்.

நீ உள்ளே போய், ஓவன் மேலிருந்த ரோஜாவையும் துணியையும் எடுத்துத் தூரப் போட்டாய். "இதுல கிண்ட வேணாமாம். போன்ல ஒரு பொம்பள போட்டுக் காமிச்சா. வெச்சா அதுவே கொதிக்குமாம்" என்றாய்.

நீயும் நானும் அதற்கு முன் ஒரு தடவைகூட அதில் பால் காய்ச்சியதில்லை. முதல் ஈடு ஜவ்வு மாதிரி இழுத்தது. என் சின்னவள் வாயில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் வரை பேசவே இல்லை. அன்று மட்டும் வீடு அமைதியாக இருந்தது என்று நீ சொன்னாய். போனில் அந்தப் பெண் சொன்ன நேரம் நமக்குப் போதவில்லை. நாம் நேரத்தைக் கூட்டினோம், இன்னும் கூட்டினோம். வெல்லத்தோடு கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால் மொறுமொறுப்பு வருகிறது என்று நான் கண்டுபிடித்தேன். கடைசியில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டால் நுரைத்து லேசாகிறது என்று நீ கண்டுபிடித்தாய். பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் அது கல்லாகி, தட்டில் போட்டால் டிக்கென்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வந்த நாளில் நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுப்படி நடுவில் நின்றாய். அதற்குப் பிறகு எப்போதும் அதே எண்கள்தான். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் உன் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டுவேன். நீ எண்களை அழுத்துவாய். நான் முந்திரியைக் கொட்டுவேன். நீ நெய் தடவிய தட்டில் ஊற்றிப் பூரிக்கட்டையால் தேய்ப்பாய். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் பலகாரக் கடை வைத்திருப்பவர் உன் வீட்டுக்காரருக்குப் பழக்கம். "கொண்டாரச் சொல்லுங்க, பாக்குறேன். சரியா இருந்தா வாரா வாரம் எடுத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார். நான் என் வீட்டுக்காரரிடம் போய், அந்தக் கடைக்காரர் எடுத்துக்கொண்டால் திருப்பூர் இல்லை, எடுக்காவிட்டால் மூட்டை கட்டுகிறேன் என்றேன். அவர், "சரி, அதையும் பாத்துருவோம்" என்றார். அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கடைக்குப் போகவேண்டிய அன்று விடியும்போது நல்ல மழை. வெள்ளாற்றுப் பக்கமெல்லாம் இருட்டிக்கொண்டு ஊற்றியது. மழை விட்டதும் நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். இருந்த பருப்பில் பாதியை வறுத்துத் தனியாக வைத்தோம். நீ பிஸ்மி சொல்லி அதே எண்களை அழுத்தினாய். நான் தட்டுக்கு நெய் தடவ உட்கார்ந்தேன். தடவி முடிப்பதற்குள் ஓவனின் சந்துகளில் புகை வந்தது. கதவைத் திறந்தால் பாகு கன்னங்கரேலென்று பொங்கி வழிகிறது. அவசரத்தில் நான் முந்திரியை வேறு அதில் கொட்டித் தொலைத்தேன், சரியாகிவிடும் என்ற நினைப்பில். பருப்பும் போயிற்று.

"போச்சு. ஓவன் போச்சு" என்றாய் நீ. எனக்கு ஓவன் கவலை இல்லை. திருப்பூரின் அந்த ஒற்றை ரூம் கண் முன்னால் வந்து நின்றது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் சுவரில் தொங்கிய பள்ளிவாசல் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். மேலே ஃபேன் பறந்துகொண்டிருந்தது. உன் வீட்டு ஃபேன் அந்த நேரத்தில் எப்போதும் நொண்டிக்கொண்டுதான் சுற்றும். நாமே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

"இது என்னா இன்னைக்கி இந்தச் சுத்து சுத்துது?" என்று கேட்டேன்.

நீ மேலே பார்த்தாய். பிறகு ஜன்னல் வழியாகக் காட்டுப் பக்கம் காதைக் கொடுத்தாய். தவளைச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. "அடியே, மழ பேஞ்சிருக்குடி. எவன் மோட்டாரு போடுவான்?" என்றாய்.

நாம் எப்போதும் மிட்டாய் போட்ட நேரம், காட்டுக்குத் திரிபேஸ் கரண்ட் விடுகிற நேரம். வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் தண்ணீர் பாய்ச்ச அத்தனை கிணற்று மோட்டாரும் ஒரே சமயத்தில் ஓடும். வீட்டுக்கு வரும் கரண்ட் செத்துப்போய் வரும். அந்தச் செத்த கரண்டுக்குத்தான் நாம் நேரம் பழகி வைத்திருந்தோம். மழை பெய்ததும் ஒருத்தரும் மோட்டார் போடவில்லை. ஓவன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக முழுப் பலத்தோடு கொதித்திருக்கிறது.

தெரிந்த மாத்திரத்தில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எண்களை விட்டுத் தள்ளு என்றேன். மிச்சம் இருப்பது பாதிப் பருப்புதான், இனிமேல் கண்ணால் பார்த்துச் செய்வோம் என்றேன். நீ கொஞ்சம் ஓட விட்டு நிறுத்தினாய், நான் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டேன். மறுபடி கொஞ்சம், மறுபடி ஒரு சொட்டு. டிக்கென்று கேட்டது. முன்னே போட்டதையெல்லாம்விட அது நன்றாக வந்தது; பொன் நிறத்தில், கண்ணாடி மாதிரி.

பஸ்ஸில் நீ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார வந்த யாரையும் நெருங்க விடவில்லை. கடைக்காரர் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதுல செஞ்சதும்மா இது?" என்றார். ஓவன் என்று சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்து நான் உன்னைப் பார்த்தேன். நீ புர்காவை லேசாக ஒதுக்கி, "கரண்ட்டுல செஞ்சதுங்க. பொக வாட இருக்காது. மோந்து பாருங்க, அப்பறம் பேசுங்க" என்றாய்.

அவர் மோந்து பார்த்தார், கடித்தார், மென்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு நாளைக்கி நல்லா வரும், ஒரு நாளைக்கி இழுக்கும். என்னைக்கும் இதே மாதிரி வருமா? அதச் சொல்லுங்க" என்றார்.

முதல் நாள் கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அன்று காலையில் ஒரு ஈடு கரியாகாமல் இருந்திருந்தால் அன்றும் முழித்திருப்பேன். "வரும்ங்க. மழ பேஞ்சாலும் வரும்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நீ துணியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாய். வாரா வாரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நீ ஜன்னலோரம். பஸ் பேரளியைத் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "போவாத புள்ள. எனக்கு ஆளில்ல."

அவ்வளவுதான் சொன்னாய். வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர், மகன் விடுதியில் இருந்தான், அந்த டைல்ஸ் வீட்டில் நீ தனியாக நடமாடிக்கொண்டிருந்தாய். இத்தனை நாளும் என் கைக்காக, என் பிள்ளைகளுக்காக நீ பாடுபடுகிறாய் என்று நினைத்திருந்தேன். உனக்கும் நான் வேண்டியிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வாழ்நாளில் வேறு யாரும் அந்த வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை. வேலைக்கு வா என்று சொல்லியிருக்கிறார்கள், சோறு போடு என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

நாங்கள் திருப்பூர் போகவில்லை. என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார், இப்போது மிட்டாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கும் அவரே போகிறார். அங்கே யாராவது கேட்டால், நாங்களே கண்டுபிடித்த முறை என்று சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும், விடு. பெரியவள் நர்சிங் முடித்துவிட்டாள்.

சிறுநீரகம் கெட்டுப்போய் நீ திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வந்தேன் அல்லவா, கடைசியாக. முகமெல்லாம் வீங்கி இருந்தாய். நான் கையோடு கொண்டுவந்த ஆறுதல் ஒன்றையும் சொல்லவில்லை. "போவாத புள்ள. எனக்கு ஆளில்ல" என்று நேராகச் சொன்னேன். உன்னிடம் வேறு எப்படிக் கேட்பது?

நீ என் வலது கையை எடுத்து உன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாய். "நான் கேட்டப்ப நீ இருந்தேல்ல. நானும் இருக்கணும்னுதான் பாக்குறேன். ஒடம்பு கேக்க மாட்டேங்குது" என்றாய்.

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. அது தீர வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்டபோது உன்னால் இருக்க முடியவில்லை. ஆனால் நீ கேட்டபோது நான் இருந்தேன். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான், பூட்டிக் கிடக்கும் உன் வாசலைத் தாண்டி, தலை நிமிர்ந்து பஸ்ஸுக்குப் போகிறேன்.