தீபாவளிக்கு வருகிறவர்

புறக்கோட்டை
02.09.2025

அன்புள்ள ராக்காயிக்கு,

சுகம்தானே? முழங்கால் வலி எப்படி? போனில் கேட்டால் "ஒன்னுமில்லங்க" என்று வைத்துவிடுகிறாய். நானும் சொல்ல வந்ததை மறந்துபோகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதத்தோடு கடை வேலை போதும், மூட்டை தூக்க இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான மறுவருஷம் கொழும்புக்கு வந்தவன், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வீட்டுக்கு வந்து போனவன், இனி ஒரேயடியாக வருகிறேன்.

திட்டமும் போட்டாயிற்று. நம் லயத்து வீட்டுப் பக்கத்தில் இருக்கிற உன் போஞ்சிப் பாத்தியைத் தட்டிவிட்டுச் சின்னதாய் ஒரு பலசரக்குக் கடை போடலாம். விறகடுப்பை இடித்துவிட்டு காஸ் வைக்கலாம். நான் கல்லாவில், நீ பக்கத்தில். சந்தோஷம்தானே?

உன் செல்லசாமி


பொகவந்தலாவை
11.09.2025

அன்புள்ள வினோதா அப்பாவுக்கு,

நல்லா இருக்கே நியாயம்! என் போஞ்சி உங்களை என்ன செய்தது?

தேயிலைக் கொழுந்து பறித்த காலமெல்லாம் கங்காணி காட்டிய நிரையில்தான் நின்றேன். வேலையை விட்ட மறுநாள், பழக்கதோஷத்தில் கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "பெரியம்மா, ஒங்க பேர வெட்டியாச்சு, வூட்டுக்குப் போங்க" என்றான் கங்காணி. வந்து அழுதேன். அப்புறம்தான் அந்த மண்ணைக் கொத்தினேன். எந்த நிரை எங்கே என்று இப்போது நான்தான் சொல்கிறேன். விடிந்ததும் தேத்தண்ணியோடு பாத்தி ஓரத்தில் நிற்கும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீங்கள் வருவது சந்தோஷம்தான், பயமும்தான். நீங்கள் வந்தால் சேவல் அடிப்பேன். கட்டிலை உங்களுக்கு விட்டுவிட்டுப் பாயில் படுப்பேன். லயத்துச் சனமெல்லாம் பார்க்க வரும். ஒரு வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவீர்கள். அந்த விருந்தாளியைத்தான் எனக்குத் தெரியும். வருஷம் முழுக்க விருந்து வைக்க என்னால் ஆகாது.

ஹட்டனிலிருந்து மகள் போன் எடுத்து, "அப்பாவும் பாவந்தானேம்மா" என்கிறாள். நான் மட்டும் என்னவாம்?

கடைதான் போட வேண்டுமென்றால் கொழும்பிலேயே போடுங்கள்.

ராக்காயி


புறக்கோட்டை
18.09.2025

ராக்காயி,

வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து உன் கடிதத்தை வாசித்தேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காரமாக ஒரு பதில் எழுதிக் கிழித்தும் போட்டேன்.

விருந்தாளியாக இருந்தது எனக்கு மட்டும் பிடித்ததா என்ன? போன தீபாவளிக்கு நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். உப்புப் போத்தல் எங்கே என்று தெரியாமல் உப்பில்லாமலே சாப்பிட்டு எழும்பினேன். சொந்த வீட்டு உப்புக்குப் பக்கத்துக் காம்பராச் சனத்திடம் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. இங்கேயும் கடை மாடியில்தான் படுக்கை. சட்டை மாட்ட எனக்கென்று ஒரு ஆணி கிடையாது.

கடை வேண்டாம். அடுப்பும் அப்படியே இருக்கட்டும். ஆனால் கடையும் இல்லையென்றால் அங்கே நான் யார்? நாளெல்லாம் என்ன செய்வேன்? அதை நினைத்தால்தான் பயம்.

முதலாளி காவலுக்கு இருக்கச் சொல்கிறார். நீ வேண்டாமென்றால் இருந்துவிடுகிறேன். வரட்டுமா? மறைக்காமல் எழுது.

செல்லசாமி


பொகவந்தலாவை
25.09.2025

என்னங்க,

உப்புப் போத்தல் அடுப்புக்கு வலது பக்கம், மேல் தட்டில் இருக்கிறது.

தீபாவளி வரைக்கும் இருக்க வேண்டாம். ஒரு வேலை நாளாகப் பார்த்து வாருங்கள். புடவையும் வேண்டாம், மஸ்கட் அல்வாவும் வேண்டாம். உங்கள் காலுக்குச் சரியாக ஒரு பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், மழைக்குப் பாத்தியில் அட்டை ஏறுகிறது. போஞ்சிக்குக் கம்பு நட வேண்டும், எனக்கு முழங்கால் மடங்கமாட்டேன் என்கிறது. எங்கே நடுவதென்று நான் சொல்வேன். மறுபேச்சுப் பேசக்கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

கதவுப் பக்கம் ஒரு ஆணி அடித்திருக்கிறேன். கட்டிலில் இனி நானும்தான் படுப்பேன், தள்ளிப் படுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வருகிற அன்றைக்குச் சேவல் அடிக்கமாட்டேன். ரொட்டியும் சம்பலும்தான்.

ராக்காயி