நீ இறந்த அன்று நடந்த கணக்குத் தேர்வு

என் அருமைத் தங்கை வசந்தாவுக்கு,

உனக்கொரு செய்தி. நீ இறந்த அன்று உன் மகள் கயல் கணக்கில் பூஜ்யம் வாங்கியிருக்கிறாள். அன்று அவள் தேர்வுக்கே போகவில்லை. குமராட்சியில் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் பூஜ்யம் இருக்கிறது.

மூன்று கணக்குத் தேர்வுகளின் சராசரியை வைத்துப் பத்தாம் வகுப்பைப் பிரித்திருக்கிறார்கள். மற்ற இரண்டிலும் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவளுக்குச் சராசரி அறுபத்திரண்டு. ஆகவே சி பிரிவு. அங்கே கணக்குப் புத்தகத்தில் பாதிதான் நடத்துவார்களாம், தேறினால் போதுமென்று. பிளஸ் ஒன்னில் அவள் ஆசைப்பட்ட கணக்கு குரூப் அத்தோடு சரி.

மாப்பிள்ளைக்கு அறுப்பு வேலை. நான்தான் கயலோடு சிதம்பரம் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தேன். மரியாதை தெரிந்தவர், நாற்காலி கொடுத்தார்.

“மார்க் கட்டத்த காலியா வுட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது சார். அதான் பூஜ்யம் போட்டோம்.”

“எழுதாத பரிட்சைக்கு எப்படி சார் மார்க்கு?”

“லீவ் லெட்டர் வரலியே. அவுங்க அம்மா ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்திருந்தா அப்பவே பாத்திருப்போம்.”

“அவுங்களுக்கு அன்னிக்குத் தோதுப்படல சார்.”

அதையும் குறித்துக்கொண்டார். பிறகு காரணத்தைச் சொன்னேன். “அடடா” என்றார். பேனாவை மூடினார். “டேட்டா லாக் ஆயிடிச்சே சார், இனிமே மாத்த முடியாது.”

சாவதற்குத் தோதான நாட்களைப் பள்ளி நாட்காட்டியில் அச்சிட்டிருந்தால் நீ பார்த்து நடந்திருப்பாய், இல்லையா? எதிலும் ஒழுங்கு பார்க்கிறவள் நீ.

திரும்பும்போது மினி பஸ்சில் கயல் கேட்டாள்: “அன்னிக்கு நான் போயி எழுதிட்டு வந்திருக்கணுமா மாமா?”

ஒரு பிள்ளையை இப்படிக் கேட்க வைத்துவிட்டு அந்த ஆள் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார்.

திங்கட்கிழமை மனு நாள். கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். அவர்கள் கேட்ட விடுப்புக் கடிதத்தை உன் சார்பில் எழுதிவிட்டேன்: ‘என் மகள் இன்று கணக்குத் தேர்வுக்கு வர இயலாது. நான் இறந்துவிட்டேன்.’ கையெழுத்து போடும் இடத்தில் உன் இறப்புச் சான்றிதழைப் பின் குத்தியிருக்கிறேன்.

அந்தக் கட்டம் காலியாகும்வரை ஒவ்வொரு திங்களும் போவேன். காலியான பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பஸ்சில் அவள் என்னிடம் கேட்டதை தலைமையாசிரியர் எனக்குக் கொடுத்த அதே நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் கேட்பாள். அவர் பதில் சொல்லும்வரை நான் கதவருகே நிற்பேன்.

உன் அண்ணன்,
கயலின் தாய்மாமன்