பின் கண்ணாடியில் இரண்டு எழுத்து

29-4-68, திங்கள்

இன்றைக்கும் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஏசுபாதம் கைக்குட்டை அளவு ஈரத் துணியை வைத்ததுதான் தாமதம், எழுத்து இரண்டும் அப்பளம் மாதிரி ஊறிக் கையோடு வந்துவிட்டன. மைதாப் பசைக்குக் கொஞ்சம்கூட ரோஷம் கிடையாது.

எங்கள் சபையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் கார் பக்கத்து வீட்டு ஏசுபாதத்துடையது. அவர் மாமா விட்டுப்போன பழைய லேண்ட்மாஸ்டர். பின் கண்ணாடியில் ஒட்டும் ஜிகினா எழுத்து என் கைவேலை. பெண், மாப்பிள்ளை பெயர்களின் முதல் எழுத்து, அதுவும் இங்கிலீஷில்தான் வேண்டுமாம். நடுவில் ஒரு மணி, மூலைக்கு ஒரு பூ. சனிக்கிழமை காலையில் ஒட்டுவேன். திங்கட்கிழமை சாயங்காலம் நானும் அவருமாக எடுப்போம்.

யார் யாருக்கோ கல்யாணம் ஆகிறது. எனக்கு அந்தத் திங்கட்கிழமை போதும். இதை இங்கே தவிர வேறெங்கே எழுதுவேன்?

2-5-68

எலியேசர் அண்ணன் நாற்காலிக் காலை ஒட்ட பம்மலிலிருந்து வஜ்ஜிரப் பசை வாங்கி வந்தார். தோல் கழிவைக் காய்ச்சி எடுப்பதாம். கரைத்தபோது வீடெல்லாம் நாற்றம். காய்ந்தால் கல். நாற்காலி இனி ஆடாது.

மீதியை ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

6-5-68, திங்கள்

பலித்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

முதலில் அவர் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. "டீச்சர், இந்த வாரம் என்ன பசை?" என்றார். தீர்ந்துபோச்சு, வீட்டில் இருந்ததை வைத்தேன் என்றேன். பொய் இல்லை.

வெந்நீர் கொண்டுவரப் போனேன். "கொதிக்கக் கொதிக்க வேண்டாம், சூடு அதிகமானா கண்ணாடி விரிஞ்சிடும். இருக்கட்டும், மெதுவா எடுக்கலாம்" என்றார். இந்தக் கண்ணாடி இப்போது கடையில் கிடைப்பதில்லை. பிளேடும் வைக்க விடமாட்டார், கோடு விழுந்துவிடுமாம். கைக்குட்டை அளவு துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, எழுத்தின் ஒரு நுனியில் அழுத்தி வைத்து, ஊறினதும் மூங்கில் சிம்பால் நெம்பி, அடுத்த நுனிக்குப் போனார். பெரிய டவல் இல்லையா என்றேன். "இருக்கு. இது போதும்" என்றார்.

அவருடைய தொழிற்சாலை, என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், மாடம்பாக்கம் ஏரியில் தண்ணீர் குறைந்தது, எல்லாம் பேசினோம். இருட்டும்போது மணி மட்டும் பாக்கி இருந்தது. அதை எடுக்கவே மனசு வரவில்லை.

13-5-68, திங்கள்

என் அவசரத்தால் கெட்டது. பூ ஒன்று பாதி உரிந்து நின்றது. ஈரம் ஏறுவதற்குள் இழுத்துவிட்டேன். காகிதத்தோடு கண்ணாடியிலும் ஒரு சில்லு, அரிசி அளவு, பிய்ந்து வந்தது. காய்ந்த வஜ்ஜிரம் கண்ணாடியையே தின்னும் என்று எனக்கு என்ன தெரியும்? அழுகை வந்துவிட்டது.

"போனா போவுது டீச்சர். மூலையிலதானே, யார் பார்க்கப் போறா" என்றார். என் விரலில் ரத்தம் வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார். பிடித்துப் பார்க்கவில்லை. நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

அப்பா வராந்தாவிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவுக்கு ஏசுபாதத்தை ரொம்பப் பிடிக்கும். முட்டிவலி வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அவர்தான் விடிகாலைப் பூசை முடித்து வந்து அப்பாவைக் காரில் நம் கோவிலுக்குக் கொண்டுபோய் விடுகிறார். ஆனால் அவர் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டண்ட். பெரியப்பா மகள் ஒரு ஆர்.சி. பையனைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷமாகிறது, அவள் பெயரை அப்பா இன்னும் ஜெபத்தில்கூடச் சொல்வதில்லை. ஏசுபாதத்துக்கும் இது தெரியும். இந்தத் தெருவில் தெரியாதவர் யார்?

16-5-68

திருச்சியிலிருந்து சம்பந்தம். ஜெபசீலன், ரயில்வே குமாஸ்தா. போட்டோவில் காது கொஞ்சம் பெரிது. அப்பா, "இருபத்தெட்டு வயசாச்சும்மா, நானும் எத்தனை நாள்" என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை வரை எதுவும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் திங்கட்கிழமை என்று அண்ணன் கேட்டார்.

20-5-68, திங்கள்

சொன்னேன். துணியைப் பிழிந்துகொண்டிருந்தவர் பிழிந்துகொண்டே இருந்தார், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போகும் வரைக்கும்.

"நல்லவரா?"

"அப்பா அப்படித்தான் சொல்றார்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். அப்ப சரியாமே. வாயில் என்ன, அங்கேயும் வஜ்ஜிரமா? நான் மட்டும் என்ன பேசிக் கிழித்தேன்? வீட்டுக்கு வந்து சரி என்று சொல்லிவிட்டேன்.

26-5-68, ஞாயிறு

கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய கல்யாண அறிவிப்பில் முதல் ஓலை வாசித்தார்கள். வேதசிரோமணி அவர்களின் குமாரத்தி பியூலா. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரியப்படுத்தலாம் என்று போதகர் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கார் நின்றது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கும்.

2-6-68

இரண்டாம் ஓலை. எனக்குக் காய்ச்சல், போகவில்லை. நேற்று ஒரு கல்யாணத்துக்கு ஒட்டினேன். வஜ்ஜிரம்தான். கை பழகிவிட்டது.

5-6-68

இன்னும் உடம்பு சுடுகிறது. ஏசுபாதத்தின் அம்மா கஞ்சி கொண்டு வந்தார்கள். திங்கட்கிழமை என்னால் வர முடியவில்லை, அந்த எழுத்தெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது இன்னா பெரிய வேலையாமா? டவல வெந்நீர்ல நனைச்சு மொத்தமா போத்தி வுட்டான். மேல ஒரு சாக்கு. உள்ள வந்து காப்பி குட்சிகினு இருந்தான். போயி உரிச்சான், முழுசா வந்துட்ச்சு. எப்பவும் அப்டித்தானே எடுப்பான்."

எப்பவும் என்றால்?

"நீ எழுத்து வெட்றதுக்கு முன்னாலயும் கல்யாணம் நடந்துகினுதானே இருந்துச்சு."

கஞ்சி ஆறிப்போனது. கைக்குட்டை அளவு துணி. இது போதும் என்றாரே. எனக்கு அது போதாமல் பசையை மாற்றினேன். அவர் அதற்கும் முன்னாலேயே துணியைச் சின்னதாக்கிவிட்டார். ரெண்டு பேரும் என்ன பண்ணிட்டோம்? ஐயோ, ரெண்டு ஓலை வாசிச்சாச்சே.

7-6-68

கிணற்றடியில் பார்த்தேன். "திங்கட்கிழமை சீக்கிரம் எடுத்துட்டீங்களாமே" என்றேன்.

கயிற்றைச் சுருட்டி வைத்தார். "நீங்க வரலையே டீச்சர்" என்றார்.

இன்னும் ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். "ஏசுபாதம், ஞாயித்துக்கிழமை கொஞ்சம் முன்னாடியே போயிடலாமாப்பா, கடைசி ஓலை" என்றார். அவர் சரி சார் என்றார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

9-6-68, ஞாயிறு

மூன்றாம் ஓலை. ஆட்சேபணை இல்லை.

14-6-68

நாளைக்குக் கல்யாணம். என் எழுத்தை நானே வெட்டினேன். 'ஜே' வளைவு சரியாக வரவில்லை, இரண்டாவது முறை வெட்டினேன். கல்யாணப் பெண் காரில் ஒட்டுவதாவது என்று அத்தை திட்டினார்கள். ஆகவே காகிதம், மைதாப் பசை, வஜ்ஜிர டப்பா எல்லாவற்றையும் அண்ணனிடம் கொடுத்து ஏசுபாதத்திடம் சேர்க்கச் சொன்னேன். எதை வைத்து ஒட்டுவாரோ. கேட்டனுப்பவில்லை.

17-6-68, திருச்சி

இன்றைக்குத் திங்கட்கிழமை.

21-7-68

இவர் நல்லவர். தினமும் இரண்டு முழம் பூ வாங்கி வருகிறார். சமையலில் உப்புக் குறைந்தாலும் சொல்வதில்லை. கிடைத்ததை வைத்துச் சந்தோஷமாக இருக்கவும் தெரிகிறது. அதில் பாதியாவது எனக்குக் கொடு ஆண்டவரே.

28-9-68, சனி

எலியேசர் அண்ணன் வந்திருக்கிறார். அப்பாவுக்கு முட்டி பரவாயில்லை. சாப்பிடும்போது தாம்பரத்துச் செய்தியெல்லாம் சொன்னார். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு இப்போது வாடகைக் கார் எடுக்கிறார்களாம். ஏன் என்று இவர் கேட்டார்.

"ஏசுபாதம் வண்டியில இன்னும் உங்க கல்யாண எழுத்து இருக்கு மாப்பிள்ளை. 'ஜே' மழையில போயிடுச்சு. 'பி' மட்டும் என்ன செஞ்சும் வரமாட்டேங்குதாம். நான் எடுத்துத் தரேன்னாலும் வேணாங்கறார், கண்ணாடி போயிடுமாம். பொறுமைசாலின்னு பேரு, ஒத்தை எழுத்தை எடுக்கத் தெரியலை."

இவர் சிரித்துக்கொண்டே, "ஈரத் துணியை நல்லாப் போத்தி வெச்சா வந்துடுமே. பியூலா, நீதான் வெட்டி ஒட்டினவ, எப்படி எடுக்கறதுன்னு அவருக்கு ஒரு கார்டு எழுதிப் போடேன்" என்றார்.

அண்ணனுக்கு ரசம் ஊற்றினேன்.

"பழைய கண்ணாடிங்க. சூடு அதிகமானா விரிஞ்சிடும். இருக்கட்டும், அவர் மெதுவா எடுப்பார்" என்றேன்.