நல்ல பக்கம் எது?

என்னங்க,

தால்சா அடுப்பு மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். கட்டிலில் நான் தைத்துப் போட்டிருக்கும் ரஜாய்ப் போர்வை மேல் உட்கார்ந்துவிடாதீர்கள், பஞ்சுக்குள் குண்டூசி மாட்டியிருக்கிறது.

இரண்டு துணியின் நல்ல பக்கத்தையும் உள்ளே வைத்துத் தைத்து, கடைசியில் புரட்ட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நானோ கழுத்து வலிக்க வலிக்க, புரட்ட வழி விடாமல் நாலு பக்கமும் தைத்துத் தொலைத்தேன். எங்கே பிரிப்பதென்றே புரியவில்லை. தேவானை அக்காவிடம் கேட்க மேற்கு மாம்பலம் போகிறேன்.

"கடைல வாங்கினா ஆவாதா? இன்னாத்துக்கு இந்தத் தையலு?" என்று நேற்று கத்தினீர்களே, அதற்காக நிறுத்த மாட்டேன்.

ஷாகிரா

இப்போதுதான் பார்த்தேன். மிஷின் மேல் கழுத்துவலித் தைலம், புதுசு. நீங்கள் வைத்ததா? அப்படியென்றால் நேற்றுக் கத்தியதிலும் நல்ல பக்கம் உள்ளேதான் இருந்ததா?