வராத கப்பலுக்கு வெங்காயம்

மஸ்கட்
12.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். லீவில் அங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்க உங்கள் பழைய பெட்டியை ஒழித்தபோது கடற்படைக் கடிதம் ஒன்று கிடைத்தது. 1971 போரில் உளவுப் பிரிவுக்கு நீங்கள் செய்த ரகசிய உதவிக்கு நன்றியாம்! மளிகை மண்டிக்காரர் என்ன உதவி செய்தார்? பெருமையாக இருக்கிறது. இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபமும்தான்.

ஜெமிமா

ராயபுரம்
27.5.2024

பிரியமுள்ள மகளுக்கு,

கர்த்தர் கிருபையால் முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை.

பெருமைப்படாதே அம்மா. எதிரிகள் நம் பெரிய போர்க்கப்பல் ஒன்றைத் தேடினார்கள். அது சென்னைக்கு வருவதாக அவர்களை நம்பவைக்க, நம் கடற்படைக்காரர்கள் என்னிடம் ஐம்பது மூட்டை வெங்காயம் கேட்டார்கள். கப்பலுக்குத்தான் என்று ஒரே ஒருவரிடம் வாய் தவறியதுபோல் சொல்லச் சொன்னார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த என் சிநேகிதன் ஜெகதீசனுக்கு ஓட்டை வாய். அவனிடம் சொன்னேன். டோல்கேட் டீக்கடை முழுக்கப் பரப்பிவிட்டான். விஷயம் தெரியாத போலீஸ், கப்பல் ரகசியத்தை வெளியே விட்ட துரோகி என்று அவனை எட்டு மாதம் உள்ளே வைத்தது. வேலையும் போயிற்று. வெளியே சொல்லமாட்டேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தேன்.

அப்பா
தவசிமுத்து

மஸ்கட்
9.6.2024

அப்பா,

தெருவே துரோகி என்று சொன்ன அந்த ஜெகதீசன் மாமாவா? சின்ன வயதில் அவர் ஆசையாக நீட்டிய கமர்கட்டைச் சாக்கடையில் எறிந்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு மனசே ஆறவில்லை. போர் முடிந்த பிறகும் என்ன சத்தியம்? கொருக்குப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

ஜெமிமா

ராயபுரம்
23.6.2024

மகளே,

போனேன். படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"அப்போ நானா உளறல. நீதான் உளற வெச்சிகீறே" என்றான். பிறகு, "என் பொஞ்சாதி சாவற வரிக்கும் என்னைத் துரோகின்னே நெனச்சிகினு பூட்டா முத்து. என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே? தோ கீறா பாரு, அவகிட்ட சொல்லு" என்று சுவரைக் காட்டினான்.

மாலை போட்ட படம். எழுந்து அதன் முன்னால் நின்றேன். வாய் வரவில்லை. அவன் பின்னாலிருந்து "சொல்லு முத்து, சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். தாங்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

நீ சொன்னதைச் செய்தேனா இல்லையா, எனக்கே தெரியவில்லை. உனக்கு எழுதலாமா என்றும் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அப்பா