தம்பியின் இடது கை

12 பிப்ரவரி 2024, பெங்களூர்
எலியின் முதுகில் பூசிய ஜெல் இருபதாம் நாளும் வேலை செய்கிறது! சுமந்து செல்ல வைரஸ் தேவையில்லை; கொழுப்புத் துளிகளில் பொதிந்த மரபணு, ஜெல்லிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்குள் இறங்குகிறது. ஜெல் இல்லாமல் பூசினால் மூன்றே நாளில் அடங்கிவிடும். ஆய்வகத் தலைவர் மேடம் கைகுலுக்கினார்.

காரிமங்கலத்துக்குப் போன் செய்தேன். தம்பி பிரபாகர் எடுத்தான். தொட்டாலே தோல் உரியும் நோய் அவனுக்கு, பிறந்ததிலிருந்து. இருபத்தாறு வயது. நான் இந்த ஆராய்ச்சிக்கு வந்ததே அவனால்தான்.

"எலிங்க குடுத்து வெச்சதுங்கக்கா" என்று சிரித்தான்.

9 மார்ச்
"எனக்கு எப்பக்கா?"

மனிதர்களுக்குக் கொடுக்க இன்னும் ஐந்தாறு வருடம் ஆகும் என்றேன்.

"கொஞ்சூண்டு எடுத்துட்டு வாயேன். யாருக்குத் தெரியப் போவுது?"

திட்டிவிட்டேன். வீடியோவில் முகத்தை மட்டும்தான் காட்டினான்.

14 ஏப்ரல்
எடுத்துவிட்டேன். ஒரே ஒரு குப்பி, ஐஸ் டப்பாவில், மடியில். பஸ் கிருஷ்ணகிரி தாண்டிவிட்டது. மனிதத் தோலை அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும்தான். பிறகு என்ன துணிச்சலில் போகிறேன்?

15 ஏப்ரல்
காலையில் அம்மா அவன் இடது கைக் கட்டை நனைத்து நனைத்துப் பிரித்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு புண். விளிம்பு தடித்து, கல்லாக இருந்தது.

"இது எத்தன நாளா?"

"தீவாளிக்கு முன்னாடியே வந்துதுக்கா. எப்பவும் வர்றதுதான."

இந்த நோயில் ஆறாத புண் புற்றாகும் என்று எத்தனை கட்டுரைகளில் படித்திருக்கிறேன். நானே எழுதியும் இருக்கிறேன்.

குப்பியைத் திறக்கவில்லை.

3 மே
தருமபுரி ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து சதை எடுத்துப் பார்த்த ரிசல்ட் வந்தது. புற்றுதான். அக்குள் வரை போய்விட்டது.

6 மே
குப்பியை எடுத்துப் போனதை மேடத்திடம் சொன்னேன். "விசாரணை வரும். இப்போ போய் தம்பியோட இரு" என்றார்.

19 ஜூலை
இன்று இரண்டு இட்லி சாப்பிட்டான்.

22 ஆகஸ்ட்
பிரபாகர் போய்விட்டான். காலை ஏழேகால்.

8 செப்டம்பர், காரிமங்கலம்
குப்பி விஷயத்தை அம்மாவிடம் இன்றுதான் சொன்னேன்.

"அதப் போட்டிருந்தா பொழச்சிருப்பானாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அது புண்ணுக்குத்தான். புத்துக்கு இல்ல."

"அப்பறம் ஏன் இப்பிடி அழுவுற?"

"அந்தக் கைய நான் முன்னாடியே பாத்திருக்கணும். எலியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அம்மா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தெனமும் பாத்தனேம்மா" என்றாள். "தெனமும் நான்தான கட்டுப் போட்டேன்."

இத்தனை நாளும் நான் மட்டும்தான் இதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

நாளைக் காலை பெங்களூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ரத்து செய்துவிட்டேன்.