முட்டைக் காபியும் முதல் காலடியும்

ஹனோய்
14 அக்டோபர் 2024

அன்புள்ள கியெனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீங்களும் உங்கள் அண்ணன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். காபிப் பை நேற்றுக் காலையில் வந்தது. பேருந்துக்கார ஹுங் வழக்கம்போலப் பையைச் சந்துமுனையில் இறக்கிவிட்டு, "அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து லவ் லெட்டர் வந்திருக்கு!" என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டுப் போனான். பிரித்துப் பார்த்தால் மலையில் மழை, கொட்டை கொஞ்சம் கூடுதலாக வறுபட்டுவிட்டது, அவ்வளவுதான். அவன் போடுகிற சத்தத்துக்காவது இரண்டு வரி சேர்த்து எழுதக் கூடாதா? பையைத் திறந்ததும் வருகிற வாசனைக்காக இந்த முறையும் உங்களை மன்னிக்கிறேன்.

வகுப்பு நன்றாகவே நடக்கிறது. முட்டைக் காபியை விலைக்கு வாங்கிக் குடிப்பதை விட்டுவிட்டு, அடிக்கக் கற்றுக்கொள்ள வேறு காசு கொடுப்பார்கள் என்று சொன்னால் அப்பா சிரித்தே இருப்பார். உதவிக்கு குயென் என்றொரு பெண்ணை வைத்திருக்கிறேன். ஹைஃபோங்காரி. வாய் என்னுடையதைவிட நீளம். ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு அவளைத்தான் பிடிக்கிறது.

அம்மா மாடி ஜன்னலை விட்டு நகர்வதில்லை. காலையில் முதல் போணி யாரென்று பார்க்க வேண்டும் அவளுக்கு. போணி சரியில்லாவிட்டால் நாள் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதானாம். போன வாரம் முதலில் வந்த ஜெர்மன்காரரிடம், "எந்த வருஷத்துல பொறந்தவர்னு கேளுடி" என்று என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள். அவர் என்ன நினைத்தாரோ, பாஸ்போர்ட்டையே எடுத்து நீட்டினார். பன்னிரண்டு மிருகக் கணக்கில் எண்ணிப் பார்த்தால் ஆட்டு வருஷம். அம்மாவுக்குத் திருப்தி. அன்றைக்கு உண்மையாகவே நல்ல கூட்டம், வயிற்றெரிச்சல்.

குளிர் வருகிறது. மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோவா


புவோன் மா துவோட்
2 நவம்பர் 2024

தோவாவுக்கு,

நலம். பழம் சிவந்துவிட்டது. அடுத்த வாரம் பறிப்பு தொடங்கும். காலையில் பனி இறங்கினால் பக்கத்து மரம் தெரிவதில்லை. ஆட்கள் பேசுவது மட்டும் கேட்கிறது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் நானும் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். சில நாள் அதில் உன் குரலும் இருப்பதுபோலத் தோன்றும். நீ கேட்ட இரண்டு வரி இதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓடைக்கு மேலே இருக்கிற துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொள் என்கிறான் அண்ணன். "எத்தனை வருஷத்துக்குடா என் பின்கட்டுல காபி மூட்டையோட படுத்துக் கெடப்ப? உனக்குப் பொண்டாட்டி இருக்காளா இல்லையான்னு கேக்கிறவனுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று நேற்றுச் சாப்பாட்டில் வைத்துக் கேட்டுவிட்டான். புத்தாண்டு முடிந்ததும் கடைக்கால் தோண்டலாமாம். இங்கே ஒரு கூரை போட்டுவிட்டால் அப்புறம் நான் ஹனோய் வர மாட்டேன். இது உனக்கும் தெரியும்.

ஒரே ஒரு அறுவடைக்கு என்று சொல்லித்தான் இங்கே வந்தேன். ஏன் வந்தேன் என்று நாம் இருவரும் எழுதிக்கொண்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக் காலையிலும் கோயிலுக்குப் போய்த் திரும்பி, உன் வீட்டுச் சந்தில் நின்றிருக்கிறேன். எதிர்வீட்டு மின் ஐயா பட்டுச் சட்டையில் வந்து முதலில் வாசல் மிதித்து, அந்த வருஷத்து அதிர்ஷ்டத்தை உள்ளே வைத்த பிறகுதான் புலி வருஷத்தில் பிறந்த நான் நுழையலாம். அத்தை குரங்கு வருஷம். புலியும் குரங்கும் ஆகாது. சரி என்று நின்றேன். கடைசி வருஷம் மழை கொட்டியதில் மறந்துபோய் ஓடி உள்ளே நுழைந்துவிட்டேன். ஐந்தாம் மாதம் உன் அப்பா போய்ச் சேர்ந்தார். "இவன் காலடிதான்" என்றார்கள் அத்தை. புருஷனைப் பறிகொடுத்தவர்கள் எதையாவது சொல்வார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ அப்போது கிண்ணத்தில் முட்டை அடித்துக்கொண்டிருந்தாய். நிமிரவே இல்லை.

வீடு கட்டட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதுதான்.

கியென்


ஹனோய்
20 நவம்பர் 2024

அன்புள்ள கியெனுக்கு,

பை வந்தது. புதுக் கொட்டைக்கு இன்னும் ஒரு மாதமாகுமா? இருப்பதை வைத்து ஓட்டுகிறேன். வகுப்பில் மூச்சுவிட நேரமில்லை. அடுத்த மாதம் முதல் வாரத்தில் லம் என்று ஒருவர் போனில் இடம் பிடித்திருக்கிறாராம். நம் நாட்டுக்காரர் இந்த வகுப்புக்கு வருவது அதிசயம் என்று குயென் சிரிக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. மருந்து வேண்டாமாம், வாயில் போட வெற்றிலை மட்டும் வேண்டுமாம்.

வீட்டு விஷயம். உங்கள் அண்ணன் சொல்வதும் நியாயம்தான். உங்கள் இஷ்டம்போலச் செய்யுங்கள்.

கட்டுவதானால் படுக்கிற அறையில் ஓடைப் பக்கமாக ஒரு ஜன்னல் வையுங்கள். காற்று இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது.

தோவா


புவோன் மா துவோட்
12 டிசம்பர் 2024

தோவாவுக்கு,

உனக்குக் கோபம் வரப்போகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த லம் நான்தான். போன வாரம் ஹனோய் வந்து, உன் வகுப்பில் உட்கார்ந்து, முட்டைக் காபி போடக் கற்றுக்கொண்டு திரும்பினேன்.

பெயரை மாற்றிச் சொல்லி இடம் பிடித்தபோது ஏதோ விளையாட்டாகத்தான் இருந்தது. 'உங்கள் இஷ்டம்' என்று நீ எழுதியதைப் படித்த பிறகு விளையாட்டு போய்விட்டது. பறிப்பை அப்படியே விட்டுவிட்டு, ஹுங்கின் பேருந்தில் மூட்டையோடு மூட்டையாக ஏறினேன். ஊர் சுற்ற வந்தவன்போல உன் எதிரே உட்கார வேண்டும். நீ நிமிர்ந்து என்னைப் பார்க்கிற அந்த நொடியில் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். வீடு கட்டுவதா வேண்டாமா என்று அதிலேயே தெரிந்துவிடும். வழியெல்லாம் இதுதான் நினைப்பு. வந்தால் நீ இல்லை. சித்தியின் நினைவு நாள் விருந்துக்கு நிங்பின் போயிருக்கிறாய் என்றாள் குயென்.

திரும்பிப் போயிருக்கலாம். கால் நகரவில்லை. மணிலாவிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருந்தது. டென்மார்க்கிலிருந்து ஒரு பெரியவர். நாலு பேரும் உன் நீள மேசையில் உட்கார்ந்தோம். முட்டையை உடைத்து உள்ளங்கையில் ஊற்றச் சொன்னாள் குயென். வெள்ளைக் கரு விரலிடுக்கில் வழிந்துபோய் மஞ்சள் மட்டும் கையில் உருண்டுகொண்டு கிடந்தது. வெளியே தூறல், ஜன்னலெல்லாம் ஆவி. நான் வாழ்ந்த வீட்டுக்கே நான் சுற்றுலா வந்திருக்கிறேன் என்பது கனவு மாதிரி இருந்தது. விழித்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று மெதுவாகவே அசைந்தேன்.

கெட்டிப் பாலை நான் சொட்டுச் சொட்டாக விட்டதைப் பார்த்துவிட்டு உன் குயென் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, பால் கெடைக்காத பஞ்சத்துல பொறந்த காபிதான் இது. அதுக்காகப் பஞ்சம் இன்னும் முடியலங்கற மாதிரி ஊத்தாதீங்க!" சாப்பாட்டுக் குச்சிகளைக் கட்டாகப் பிடித்து அடிக்க வைத்தாள். மணிலாக்காரி நீ அடி என்கிறாள், அவன் நீ அடி என்கிறான், கடைசியில் ஒரே கிண்ணத்தில் இருவர் கையும் இருந்தது. பதம் வந்ததா என்று பார்க்கக் கிண்ணத்தைத் தலைக்கு மேலே கவிழ்க்கச் சொன்னாள். அவர்கள் நுரை அசையவில்லை. என்னுடையது சட்டைக் காலரில் விழுந்தது. "அவசரப்பட்டுட்டீங்கண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா நின்னிருக்கும்" என்றாள். சின்னப் பெண், காபியைப் பற்றித்தான் சொன்னாள்.

இரண்டாவது முறை நுரை நின்றது. டிகாக்‌ஷன் மேல் அதை ஊற்றி, கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தோம். அது நான் வறுத்த கொட்டை என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. பழக்கதோஷத்தில் ஐஸ் கேட்டுவிட்டேன். "ஐஸா? அக்கா இருந்தா உங்களைச் சந்துவரைக்கும் தொரத்தியிருப்பாங்க!" நீ துரத்தியிருக்கலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. அத்தையைப் பார்க்கவில்லை. மேலே இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பியதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டேன். கடைக்காலுக்கு நாள் பார்க்கும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நீ சொன்ன ஜன்னலை வைக்கிறேன்.

கியென்


ஹனோய்
3 ஜனவரி 2025

கியெனுக்கு,

கோபம்தான். வருஷம் முழுக்க இந்த வீட்டிலேயே கிடக்கிறேன், நான் ஊரில் இல்லாத ஒரே நாளாகப் பார்த்து வந்தீர்களே, உங்கள் ராசியை என்னவென்று சொல்ல! அம்மா சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றிவிட்டது.

நீங்கள் எழுதாமல் விட்டதை அம்மா சொன்னாள். உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து, "என்ன, வந்ததை எழுதிட்டானா?" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அன்னிக்குக் காலையில எல்லாருக்கும் முன்னால அவன்தான்டி வந்தான். தூறல்ல சந்துல நின்னான். கதவு தொறந்துதான் இருந்துச்சு. உள்ள வரல. அப்புறம் அந்தப் பிலிப்பைன்ஸ் பொண்ணு வந்து, நீங்க முன்னால போங்கன்னு கையைக் காட்டறா. இவன் சிரிச்சுக்கிட்டே ஒதுங்கி நிக்கறான். அந்த டென்மார்க் கெழவனையும் உள்ள விட்டுட்டுத்தான் காலை வெச்சான். நம்ம கடைப் போணி கெட்டுடக் கூடாதாம்." அவ்வளவு சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள், மடித்தாள், வாயில் போடவே இல்லை.

நான் அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நாம் பிரிந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அழுது முடித்து அம்மாவிடம் சொன்னேன்: அப்பா போனது ஐம்பது வருஷம் பிடித்த சிகரெட்டால், உங்கள் ஈரச் செருப்பால் இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது, இப்போதுதான் வாய் வந்தது.

கடைக்கால் தோண்டாதீர்கள். இதுதான் என் பதில். 'உங்கள் இஷ்டம்' என்று நான் எழுதியது வெறும் வீம்பு. நீங்கள் வர வேண்டும். சும்மா வந்தால் போதாது. இந்த மாதக் கடைசியில் வருகிற நம் புத்தாண்டில் எங்கள் வாசலை முதலில் மிதிக்கிறவர் நீங்களாக இருக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லியாயிற்று. "வர்றது பாம்பு வருஷம். புலிக்குப் பாம்பும் ஆகாது, கொரங்கும் ஆகாது. நல்லாத்தான் பொருத்தம் பார்த்திருக்க போ" என்றாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

மின் ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வருவீர்களா என்று அடுத்த பையில் ஒரு வரி எழுதுங்கள். ஒரே வரி போதும்.

தோவா


ஹனோய்
29 ஜனவரி 2025, புத்தாண்டுக் காலை

கியெனுக்கு,

பை வந்தது. கடிதம் இல்லை. கொட்டை முழுவதையும் முறத்தில் கொட்டித் துழாவிப் பார்த்தேன். பையைத் திருப்பி உதறினேன். ஹுங்கைக் கேட்டால், "புத்தாண்டு நெரிசல்ல யாரு என்ன குடுத்தாங்கன்னே ஞாபகம் இல்லக்கா" என்கிறான், வழக்கமாகப் போடும் கூச்சல்கூட இல்லாமல். ஒரு வரிதானே கேட்டேன்?

இருந்தாலும் கதவைத் திறக்கவில்லை. திறந்து, யாராவது நுழைந்துவிட்டால் அப்புறம் நீங்கள் வந்தும் பயனில்லை. குயென் ஊருக்குப் போய்விட்டாள். நானும் அம்மாவும் கோயிலுக்குக்கூடப் போகாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். எனக்குக் கை சும்மா இருக்காது, உங்களுக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மலையில் இருக்கிறீர்களோ வழியில் இருக்கிறீர்களோ, இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

சற்று முன் மின் ஐயா வந்து தட்டினார். பட்டுச் சட்டை ஜன்னல் வழியாகப் பளபளத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். "மின்னு, இன்னிக்கு வேணாம்ப்பா. மத்தியானம் வா, சாப்பிட்டுட்டுப் போ."

"அக்கா, அப்ப வீட்டுக்கு முதல்ல யாரு வர்றது?"

"எங்க மாப்பிள்ள வருவாரு."

"வருவாரா?" என்று அவர் கேட்டார். அப்புறம் குடையை விரித்துக்கொண்டு போனார். அம்மா மாப்பிள்ளை என்று சொல்லி நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. நீங்கள் வராவிட்டாலும் இதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

தூறல் விடவில்லை. கிண்ணத்தில் மஞ்சள் கரு தயாராக இருக்கிறது. இன்னும் அடிக்கவில்லை.

அம்மா மாடியிலிருந்து கூப்பிடுகிறாள். இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

"அடியே, புலி வந்திருச்சு. சந்துமுனையில மூட்டையோட நிக்குது. எவனாவது தனக்கு முன்னால உள்ள போவானான்னு பார்த்துக்கிட்டு நிக்குது. நீ கூப்பிடாம அது வராது."

நான் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிவரலாம். ஆனால் படி தாண்டி வெளியே வந்துவிட்டால், திரும்பி நுழையும்போது நானே முதல் காலடி ஆகிவிடுவேன். அதனால் கதவைத் திறந்து, உள்ளேயே நின்று, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறேன். ஹுங் கத்துவதைவிடச் சத்தமாக. தெருவே கேட்கட்டும்.

தோவா